களவுபோன இடி

ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. ‘என் இடியைத் திருடிவிட்டான்’ என்பார்கள். உங்களுக்குக் கிடைக்கவேண்டிய மதிப்பை, நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே இன்னொருவர் தட்டிக்கொண்டு போய்விட்டால் அப்படிச் சொல்வார்களாம். மகளுக்குக் கலியாணம் சரிவந்த சந்தோசப் புளுகத்தில் நீங்கள் நாலு சனத்தைக் கூட்டி, தேத்தண்ணி கொடுத்து, தொண்டையைச் செருமுகிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி தன் மகன் கனடாவில் வீடு வாங்கின கதையை அவிழ்த்துவிட்டால், அவள் உங்கள் இடியைத் திருடிவிட்டாள். இதுதான் பொருள்.

இதை எனக்குச் சொன்னவள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் என் மகள். சும்மா சொல்லவில்லை. போன வருடம் பாஸ்காவில் நான் செய்த கூத்து அவள் காதுவரை போய், வட்சப்பில் என்னைக் கூப்பிட்டு, பேசவும் முடியாமல் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். “அம்மா, நீங்கள் செய்ததை ஒரு வெள்ளைக்காரன் எப்பவோ செய்திட்டான்.”

சிரிக்கிறாளே என்று எனக்குக் கோபம். என்றாலும் கேட்டேன்.

லண்டனில் சில நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு நாடகக்காரர் இருந்தாராம். தன்னுடைய நாடகத்துக்கென்று புது விதமாக இடி இடிக்கிற உபாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இடி நன்றாக இருந்தது. நாடகம் படுத்துவிட்டது. கொட்டகைக்காரர் நாடகத்தை நிறுத்தினார்கள், இடியை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே கொட்டகையில் வேறொருவருடைய நாடகம். இந்த மனிதரும் சனத்தோடு சனமாக இருந்து பார்க்கிறார். இடி இடிக்கிறது. துள்ளி எழும்பி, என் நாடகம் வேண்டாமாம், என் இடி மட்டும் வேணுமாம் என்று கத்தினாராம். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பேச்சு.

அவர் எப்படி இடித்தார் என்பது இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாதாம். மரத் தொட்டியில் குண்டு உருட்டினார் என்கிறார்கள், தகட்டை ஆட்டினார் என்கிறார்கள். அந்தக் கதையே உண்மையோ என்று சந்தேகப்படுகிற படித்தவர்களும் இருக்கிறார்களாம். இருக்கட்டும். எனக்கு ஒரு சொட்டுச் சந்தேகமும் இல்லை. அந்த மனிதருடைய வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

நான் மன்னாரில் தாழ்வுபாட்டுப் பக்கம் இருக்கிறவள். முன்பள்ளி ரீச்சர். என் கணவர் மீன்பெட்டி செய்கிறவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பாப்பாமோட்டை வரைக்கும் மீன் விற்கப் போகிறார்களே, அந்தப் பெட்டிதான். பலகையால் அடித்து, ஐஸ் தண்ணீர் ஒழுகாமல் உள்ளுக்குத் தகடு வைப்பார். நல்ல மனிதர். கள்ளம் செய்தால் முகத்தில் தெரியும். அதனால்தான் கள்ளம் செய்கிற நாட்களில் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

தபசுகாலத்தில் எங்கள் கோயில் வளவில் யேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். அதைத்தான் பாஸ்கா என்போம். அதில் பங்கில்லாத வீடு ஊரில் கிடையாது. கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சேவகர்கள், ஐஸ் கடைக்காரர் பிலாத்து, அவருடைய மனைவிதான் பிலாத்துவின் மனைவி. என்னையும் சேர்க்காமல் விடவில்லை. யெருசலேம் பெண்களில் ஒருத்தியாக வீதியோரம் நின்று அழச் சொன்னார்கள். சிலுவையைச் சுமந்துகொண்டு வந்த பொடியன் என் முன்பள்ளியில் படித்தவன். எத்தனை நாள் அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டிருப்பேன்! அவன் என் முன்னால் வந்து நின்று, “எனக்காக அழவேண்டாம்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய?

அடுத்த வருடம் பாட்டுக்காரரோடு சேர்த்தார்கள். ஒரே ஒரு ஒத்திகைதான். நாடகத்தைப் பழக்கி நடத்துகிறவரை அண்ணாவியார் என்போம், அவர் என்னிடம் வந்து கைகூப்பினார். “ரீச்சர், நீங்கள் முன்னுக்கு இருந்து பாருங்கோ. பாக்கிறதுக்கும் ஆள் வேணும்தானே” என்றார். ஊர் முழுக்க மேடையில் நிற்க, நான் மட்டும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து நுளம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அந்த அவமானம் லேசில் மறக்காது.

என் இடி பிறந்தது ஒரு சண்டையில். முன்பள்ளி ஊஞ்சலுக்கென்று நான் எடுத்துவைத்த பலகையைக் கணவர் மீன்பெட்டிக்கு அடித்துவிட்டார். கேட்டால், “மறந்துபோனன்” என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பேச்சே வரவில்லை. அவர் அப்போதுதான் வெட்டத் தொடங்கியிருந்த தகட்டைக் கையிலிருந்து பறித்து, இரண்டு கையாலும் பிடித்து உதறினேன். ஐயோ, இடித்தது பாருங்கள் ஒரு இடி! எங்கள் நாய் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி காயப்போட்ட கருவாட்டை அவதி அவதியாகக் கூடைக்குள் அள்ளினாள். மேலே நல்ல வெயில். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உண்மையோ என்று பார்க்க இன்னொருதரம் உதறினேன். அவள் மிச்சக் கருவாட்டை உரப்பையைப் போட்டு மூடினாள்.

அந்த வருடம்தான் பாஸ்காவில் ஒரு அலங்கோலம் நடந்திருந்தது. யேசு உயிர்விடுகிற நேரம் இடி இடிக்கவேண்டும். யாருடையதோ போனை ஸ்பீக்கரில் கொழுவி, அதிலிருந்து இடிச் சத்தம் விடுவார்கள். யேசு தலை சாய்த்த அந்த விநாடி போனுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்து, குத்துப்பாட்டு ஒன்று கோயில் கோபுரம் வரை கேட்டது. சிலுவையடியில் நின்ற மாதா முக்காட்டுக்குள் சிரித்ததை நான் என் கண்ணால் கண்டேன். ஆகவே நான் தகட்டைக் கொண்டுபோய் அண்ணாவியாருக்கு முன்னால் ஒருதரம் உதறிக் காட்டியபோது அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

இடிப்பது சும்மா வேலை இல்லை. தகட்டின் மேல்விளிம்பைக் கயிற்றால் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்விளிம்பில் பிடித்து ஆட்ட ஒல்லியாக ஒரு ரீப்பைத்தடி வைத்து ஆணி அடிக்கவேண்டும். முதலில் மெதுவாக ஆட்டினால் தூரத்து இடி, கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் இடிக்கிறமாதிரி. பிறகு கொஞ்சம் கிட்ட வரும். அதன்பின் நிறுத்தவேண்டும். பாதி ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லி முடிக்கும்வரை ஒரு சத்தமும் இருக்கக்கூடாது. சனம் எல்லாம் முடிந்தது என்று நினைத்து மூச்சை விடும். அப்போது முழங்காலையும் கொடுத்து ஒரே இழுவை. கடைசியில் ‘ங்ங்ங்’ என்று ஒரு வால் வரும். அது என் கணவர் வெட்டத் தொடங்கி இடையில் விட்ட கீறலில் இருந்து வருவது. அந்த வால் உலகத்தில் வேறு எந்தத் தகட்டுக்கும் இல்லை.

திரைக்குப் பின்னால் இருட்டில் நிற்கிற என்னை யாரும் காணமாட்டார்கள். நாடகம் முடிய ஒலிபெருக்கியில் நன்றி சொல்லும்போது, பந்தல் போட்டவரிலிருந்து பிளேன்ரீ ஊற்றினவர் வரை எல்லாரையும் சொல்வார்கள், இடியைச் சொல்ல மறந்துபோவார்கள். வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு நிமிடம் என்னுடையது. அழத் தெரியாத, பாடத் தெரியாத எனக்கு யேசுவின் பாடுகளில் இருந்த ஒரே இடம் அதுதான். நான் இழுத்ததும் வளவு முழுக்க ‘ஆண்டவரே’ என்று எழும்புகிற சத்தத்தைக் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அதற்குப் பிறகு நான் யாரையும் கோபத்தில்கூட ‘இடி விழுவார்’ என்று திட்டியதில்லை. தொழிலை மதிக்கவேண்டும் அல்லவா.

போன வருடம் எங்கள் கோயிலில் பாஸ்கா இல்லை என்று ஃபாதர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லமுடியாது. யேசு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். சீடர் இராயப்பர் மகளிடம் பிரான்சுக்குப் போனவர் திரும்பவில்லை. யூதாஸ் மட்டும் ஊரில் இருந்தார், அவரை ஒருவராக வைத்து என்னதான் செய்வது? “இந்த முறை சிலுவைப்பாதையோட நிப்பாட்டுவம்” என்றார் ஃபாதர். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். தகடு தொங்குகிற பின்பக்கக் கொட்டில் பக்கம் அதன்பின் நான் போகவே இல்லை. பார்த்தால் மனம் எரியும் என்று போகவில்லை.

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், இன்னொரு ஊரில் கட்டியிருக்கிறா. எந்த ஊரென்று சொல்லமாட்டேன், நாளைக்கு அங்கே மீன்பெட்டி விற்கவேண்டும். அங்கே பாஸ்கா நடந்தது. “போய்ப் பாத்திட்டு வருவம்” என்று நான்தான் சொன்னேன். மனிதருக்கு முகம் ஒருமாதிரிப் போனது.

“இந்த வெக்கைக்கையோ? சனமாயிருக்கும்” என்றார்.

“சனம் இருந்தா என்ன, எங்களைக் கடிக்குமோ?”

“எனக்கு வயிறும் சரியில்லை.”

“பாஸ்காவுக்கு வயிறு எதுக்கு? எழும்புங்கோ.”

எழும்பினார். வழி முழுக்க அந்த மோட்டார் சைக்கிளை அவர் ஓட்டின ஓட்டத்தில், பக்கத்தில் போன சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தும் முன்னுக்கு இருக்க வரமாட்டேன் என்றார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மேடைக்குக் கிட்ட இருத்தினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெய்யாகவே வயிற்றுக்குத்து என்றுதான் நினைத்து, ஓமம் கொடுத்திருக்கலாமே என்று பரிதாபப்பட்டேன்.

நாடகம் நன்றாகத்தான் போனது. பொறாமையோடு சொல்கிறேன், எங்களுடையதைவிட நன்றாகப் போனது. சிலுவையை நட்டார்கள். “எல்லாம் நிறைவேறிற்று” என்று சொல்லி யேசு தலை சாய்த்தார். வளவில் ஒரு குழந்தைகூட அழவில்லை. இடி வரவேண்டிய நேரம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இடித்தது. கடகடவென்று வந்தது, நடுவில் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை, இறங்குபாலத்தில் லொறி வருகிறமாதிரி ஒரே ஓட்டமாக ஓடியது. கடைசியில், ‘ங்ங்ங்’.

அந்த வாலைக் கேட்டதும் என் கால் என்னைக் கேட்கவில்லை. எழும்பி நின்றேன். என் குரல் முன்பள்ளி வளவின் கடைசி மூலையில் மண் தின்கிற பிள்ளைக்குக் கேட்கிற குரல்.

“ஐயோ, அது என்ர இடி!”

சனம் முழுக்கத் திரும்பியது. செத்திருந்த யேசு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடுத்ததாக, ‘மெய்யாகவே இவர் கடவுளின் மகன்’ என்று சொல்லவேண்டிய நூற்றுவர் தலைவன் வசனத்தை மறந்து, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றான். எனக்குப் பின்னால் இருந்த ஒரு வயதான அம்மா, எனக்கு ஏதோ இறங்கிவிட்டது என்று நினைத்து, நெற்றியில் சிலுவை போட்டு ஜெபமாலையை எடுத்தா.

கணவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். “இருக்கிறியோ இல்லையோ! மானம் போகுது.”

“அது என்ர தகடு. என்ர இடி. எனக்குத் தெரியாதோ?”

“விசரி, இடி எண்டா எல்லாம் ஒண்டுதானே! ஆர் அடிச்சா என்ன?”

இதைச் சொல்லிவிட்டார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சகித்திருப்பேன். ஒவ்வொரு தபசுகாலமும் கொட்டிலுக்குள் நான் பழகிப் பழகி இடித்ததைப் பக்கத்தில் இருந்து பெட்டி அடித்தபடி கேட்ட மனிதர். எல்லாம் ஒன்றுதானாம்! களவு போனது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இத்தனை காலம் நான் யாருக்கு இடித்தேன் என்றிருந்தது. அவரை அப்படியே விட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன்.

அங்கே மச்சாள் என் தகட்டோடு நின்றா. வியர்வை வழிய, ஒரு கையால் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் அவவுக்கு முகம் மலர்ந்தது பாருங்கள்!

“வந்திட்டியே! நல்லாயிருந்ததோ? சத்தம் போட்டது நீயோ?” என்றா.

“மச்சாள், இது எப்பிடி இஞ்ச வந்தது?”

“நீதானே தந்து விட்டனீ! தம்பி கொண்டுவந்து கட்டியும் விட்டவன். அவ மனசாரத் தந்தவ, இஞ்சயாவது இடிக்கட்டும் எண்டு சொன்னவ எண்டான்.” என் முகத்தைப் பார்த்தா. “ஏன், நீ தரேல்லையோ?”

நான் பதில் சொல்லுமுன் அந்த ஊர் அண்ணாவியார் ஓடிவந்தார். மனிதருக்கு உயிர் கையில் இல்லை. “அக்காமார், சண்டையைப் பிறகு பிடிப்பம். இப்ப இறக்கி அடக்கம் பண்ணுறாங்கள். அடுத்தது கல்லறை. கல் புரளேக்க நிலம் அதிரோணும். ஆர் அதிரவைக்கிறது?”

மச்சாள் ரீப்பைத்தடியை என் கையில் திணித்தா. “நீ பிடி. என்ர தோள்மூட்டு விட்டுப்போச்சு. நீ அடிக்கிறமாதிரி எனக்கு எப்பிடியும் வராது.”

அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. ஆனாலும் கோபம் ஆறவில்லை. திரையின் இடுக்கால் பார்த்தேன். கணவர் இருந்த கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஓடிவிட்டார்.

கல்லறைக் காவல் சேவகர்கள் நித்திரை கொண்டார்கள். விளக்கைக் குறைத்தார்கள். நான் மெதுவாக ஆட்டத் தொடங்கினேன். தூரத்து இடி. கொஞ்சம் கிட்ட. இன்னும் கிட்ட. நிறுத்தினேன். இருட்டில் மனதுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன். அன்றைக்குப் பாதியில் நிறுத்தாமல் முழுக்கச் சொன்னேன், அவ்வளவு ஆத்திரம். அண்ணாவியார் வாயைப் பிளந்துகொண்டு, ‘என்ன, என்ன’ என்று கையால் கேட்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. பலகையை அடித்தவருக்கு, தகட்டைத் தூக்கியவருக்கு, எல்லாம் ஒன்றுதான் என்றவருக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து முழங்காலைக் கொடுத்து இழுத்தேன்.

நித்திரை கொள்வதுபோல நடித்த சேவகர்கள் உண்மையாகவே துள்ளி விழுந்தார்கள். வளவு முழுக்க, ‘ஆண்டவரே!’ என்றது. அப்படி ஒரு இடியை நான் அதற்கு முன்னும் இடிக்கவில்லை, பின்னும் இடிக்கவில்லை. மச்சாள் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றா. அண்ணாவியார் கும்பிட்டார். எங்கள் அண்ணாவியாரும் ஒருநாள் என்னைக் கும்பிட்டவர்தான், ஆனால் இது வேறு விதமான கும்பிடு. அடுத்த வருடமும் வரவேண்டும் என்று அப்போதே கேட்டார். தகட்டை அங்கேயே கட்டியபடி விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாழைக்குலை தந்தவரைச் சொன்னார்கள், மின்சாரம் தந்த வீட்டுக்காரரைச் சொன்னார்கள். நான் நின்று கேட்கவில்லை. மனிதரைத் தேடிக்கொண்டு, சொல்லவேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் அடுக்கிக்கொண்டு, மதில் வாசலைத் தாண்டி வீதிக்கு வந்தேன்.

வீதியோரம் மோட்டார் சைக்கிளை எங்கள் ஊர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு நின்றார். அந்த இடத்திலிருந்து மேடை தெரியாது. மதில் மட்டும்தான் தெரியும்.

என்னைக் கண்டதும் முந்திக்கொண்டார். “முதல் இடி அக்கான்ர. ரெண்டாவது உன்ர.”

நான் அடுக்கிவைத்ததெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. “ஆர் சொன்னது?”

“ஆர் வந்து சொல்லோணும்? எனக்குக் காது இல்லையோ?” என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நடுவில ஒரு இடம் சத்தமில்லாமல் நிண்டுது பார். வீட்டிலயும் நீ கத்தேக்க எனக்குப் பயமில்லை. கத்திக்கொண்டே வந்து சட்டெண்டு வாயை மூடுவாய். அப்பதான் எனக்கு ஈரல் நடுங்கும். பெரிசு அதுக்குப் பிறகுதானே வரும். அது உன்னைத் தவிர வேற ஒருத்தருக்கும் வராது. அந்த இடம் வந்த உடன நான் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில போட்டிட்டன்” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் என் பெயரைப் பத்துத்தரம் சொல்லியிருந்தாலும் எனக்கு அப்படி இருந்திராது. லண்டனில் கத்திய அந்த மனிதருக்கு வீட்டில் இப்படி ஒருவர் இருந்தாரோ என்னவோ, மகள் அதைச் சொல்லவில்லை. சந்தோசத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி இருந்து, அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அது சந்தோசம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் நான் பேசாமல் இருக்க இருக்க, அந்தத் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறிக்கொண்டே போனது. பாதி வழியில் வேகத்தைக் குறைத்து, “ஏதாவது சொல்லன்” என்று கெஞ்சினார். நான் வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை.